ஸ்விங் ஆட வருகிறவர்களுக்குப் பாட்டுப் போடுவது எப்படி: டர்பனில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

லிண்டி ஹாப் என்ற ஸ்விங் ஜோடி நடன வகுப்புக்குக் கொஞ்ச நாளாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பு நடத்துகிறவர் திடீரென்று, "அடுத்த மாத சோஷியலுக்கு நீங்களே பாட்டுப் போடுங்களேன்" என்று கேட்கிறார். சோஷியல் என்றால் எல்லோரும் கூடி ஆடும் இரவு. நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் இதைக் கற்றுக்கொண்ட காலத்தில் தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் இருப்பதோ பெரும்பாலும் மரத்தரை போட்ட, நல்ல ஸ்பீக்கர் உள்ள நடன அரங்கை மனதில் வைத்து எழுதியது, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டைல்ஸ் போட்ட கோயில் ஹாலில், பிப்ரவரி வெக்கையில், நாலு சீலிங் ஃபேன் இரைச்சலுக்கு நடுவே அதில் பாதிதான் உதவும்.

கல்யாண வீட்டு டிஜே வேலை வேறு, இது வேறு. அங்கே ஒரு பாட்டை இன்னொன்றோடு இழைத்து, இடைவெளி விடாமல் ஓட்ட வேண்டும். இங்கே ஒவ்வொரு பாட்டும் முழுதாக முடிய வேண்டும், ஜோடி ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ள வேண்டும், அப்புறம் வேறு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் பீட் இழைக்கும் கலை தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்த வேலையில் முக்கால்வாசி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். அதை முடித்துவிட்டுப் போனால்தான் அன்று இரவு லேப்டாப் திரையைப் பார்க்காமல் ஆடுகிறவர்களைப் பார்க்க முடியும்.

1. எது ஸ்விங், எது இல்லை என்று காதைப் பழக்குங்கள்

கடைகளிலும் ஸ்ட்ரீமிங்கிலும் 'ஸ்விங்' என்று பெயர் ஒட்டிய தொகுப்புகளில் பாதி ஆடுவதற்கு ஆகாது. வயலின் கூட்டம் நிறைந்த மெதுவான காதல் பாட்டு, 1990களில் வந்த ராக் டிரம் அடியோடு கூடிய நியோ ஸ்விங், கணினித் தாளத்தின் மேல் பழைய டிரம்பெட்டை ஒட்டிய எலக்ட்ரோ ஸ்விங், கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாமே அந்தப் பெயரில்தான் வரும். பீபாப் என்ற ஜாஸ் வகை நல்ல இசைதான், ஆனால் உட்கார்ந்து கேட்க வேண்டியது.

கவுண்ட் பேஸி இசைக்குழுவின் 1937 முதல் 1939 வரையிலான டெக்கா நிறுவனப் பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட்டையும் சாக்ஸையும் விட்டுவிட்டு அடியில் மட்டும் காதை வையுங்கள். ஃப்ரெடி கிரீனின் கிட்டார் ஒவ்வொரு தாளச் சுற்றிலும் நான்கு முறை 'சங் சங் சங் சங்' என்று விழுந்துகொண்டே இருக்கும், வால்டர் பேஜின் பேஸ் அதோடு நடந்துகொண்டே வரும். ஆடுகிறவர்களின் கால் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஒரு பாட்டில் அந்த நடை கேட்கிறதா, கடைசிவரை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

தொடங்குவதற்குப் பேஸி, டியூக் எல்லிங்டன், சிக் வெப், ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட், பென்னி குட்மன், லயனல் ஹாம்ப்டன், ஃபேட்ஸ் வாலர், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் தொடக்க காலப் பாட்டுகள் போதும். இப்போதும் இயங்குகிற குழுக்களில் கோர்டன் வெப்ஸ்டர், ஜோனத்தன் ஸ்டவுட் ஆகியோருடையவை ஆடுகிறவர்களை மனதில் வைத்தே பதிவானவை, ஒலியும் தெளிவு.

நம் ஊர்ச் சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களின் க்வேலா, அதாவது ஸ்போக்ஸ் மஷியானே போன்றவர்கள் பென்னிவிசிலில் வாசித்தது, அப்புறம் மன்ஹாட்டன் பிரதர்ஸ் பாடியவை. தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க்கின் ஹார்லெம் இசையை மட்டுமே ஒலிக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு இரவுக்கு இரண்டு க்வேலா வைத்தால் ஆட்டம் தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட எழுந்து வருவார்கள்.

2. பாட்டு வாங்குவதும் செலவும்

ஸ்பாட்டிஃபையை நம்பி இறங்காதீர்கள். அதன் விதிமுறைப்படி அது தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்தான், பொது இடத்தில் ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதோடு ஹாலில் டேட்டா சிக்னல் போனால் கதை முடிந்தது. பாட்டு உங்கள் ஹார்ட் டிஸ்கில் கோப்பாக இருக்க வேண்டும்.

இப்போதைய குழுக்களின் பாட்டை பேண்ட்கேம்பில் வாங்கலாம், ஒரு பாட்டு ஏறக்குறைய ஒரு டாலர். ரேண்டில் கணக்குப் போடும்போது வங்கி பிடிக்கும் வெளிநாட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கினால் அது கூடிக்கொண்டே போகும், ஆகவே பட்டியல் போட்டு மொத்தமாக வாங்குங்கள். பழைய பதிவுகளுக்கு ஒரே பாட்டு பத்து விதமான தொகுப்புகளில் இருக்கும். மலிவுத் தொகுப்பில் இரைச்சலை நீக்குகிறேன் என்று உயிரையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள், சிம்பலின் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மொசேக் ரெக்கார்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் தொகுப்பில் கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் கிட்டார் தெளிவாகக் கேட்கும். வாங்குமுன் 30 வினாடி மாதிரியை ஹெட்போனில் கேட்டு ஒப்பிடுங்கள்.

எத்தனை பாட்டு வேண்டும்? பாட்டு மூன்று நிமிடம், நடுவில் சில வினாடி. ஆக மணிக்கு 17, 18 பாட்டு ஓடும். ஒரு மணி நேரத்துக்குப் போகிறவர் 60 பாட்டாவது தயாராக வைத்திருக்க வேண்டும். 150 முதல் 200 பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால் ஒரு வருடம் தாராளமாக ஓட்டலாம். யாரோ கொடுத்த பெரிய ஹார்ட் டிஸ்கில் ஆயிரக்கணக்கில் கேட்காத பாட்டுகள் கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை. கேட்காத பாட்டு நடுவில் திடீரென்று வேகம் இரட்டிக்கும், அல்லது ஒரு நிமிடம் டிரம் மட்டும் தனியாக அடிக்கும். ஒவ்வொரு பாட்டையும் கடைசி நொடிவரை கேட்டுவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

3. வேகத்தை நீங்களே எண்ணிக் குறியுங்கள்

இது எல்லாவற்றிலும் முக்கியம், அலுப்பும் இதில்தான் அதிகம். மென்பொருள் தானாகவே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அது நேரான டிரம் தாளத்துக்காகச் செய்யப்பட்டது. ஸ்விங்கில் 180 உள்ளதை 90 என்று காட்டும், 100 உள்ளதை 200 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி, வகுப்பு முடிந்து முதல்முறை ஆட வந்தவர்கள் முன் 200 போட்டால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், திரும்ப வரமாட்டார்கள்.

வழி எளிது. பாட்டின் நடுப்பகுதிக்குப் போங்கள், ஏனென்றால் தொடக்கம் பல நேரம் வேறு வேகத்தில் இருக்கும். அந்தக் கிட்டார் அடியைப் பிடித்து 15 வினாடி எண்ணுங்கள், வந்ததை நான்கால் பெருக்குங்கள். மிக்ஸ் (Mixxx) என்ற இலவச மென்பொருளில் தட்டிக்கொண்டே போனால் எண் காட்டும் பொத்தானும் உண்டு. கிடைத்த எண்ணைக் கோப்பின் டேக்கிலேயே எழுதிவிடுங்கள்.

என் அனுபவத்தில் நம் ஊர்க் கூட்டத்துக்கு இப்படி: 120 முதல் 140 வரை புதியவர்களுக்கு; 140 முதல் 170 வரை எல்லோருக்கும்; 180, 200 பழகியவர்களுக்கு; 220க்கு மேல் ஒரு இரவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பல்போவா என்ற வேகமான ஸ்விங் ஆட்டம் ஆடுகிறவர்கள் இருந்தால் 180 முதல் 220 வரைதான் அவர்களுக்குப் பிடிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பனின் புழுக்கத்தில் இதிலெல்லாம் பத்து குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தோடு பதிவான ஆண்டையும் எழுதுங்கள். ஒரே பாட்டை ஒரே குழு பலமுறை பதிவு செய்திருக்கும். பேஸியின் 1930களின் குழு ஒரு மாதிரி, 1950களின் பிற்பகுதியில் ரூலெட் நிறுவனத்துக்கு வாசித்தது வேறு மாதிரி. இன்னொரு குறிப்பு, பாட்டின் சூடு: ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண் போடுங்கள். 150 வேகத்தில் தூங்கி வழிகிற பாட்டும் உண்டு, கூரையைப் பிய்க்கிற பாட்டும் உண்டு. வேகம் மட்டும் அதைச் சொல்லாது.

4. ஒலியைச் சமப்படுத்துங்கள், மோனோவாக்குங்கள்

1938 பதிவும் 2015 பதிவும் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கேட்கவே கேட்காது, அடுத்தது காதைக் கிழிக்கும். ரீப்ளே கெயின் என்ற வசதி பெரும்பாலான பிளேயர்களில் இருக்கிறது, எல்லாக் கோப்புக்கும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அதன்பிறகும் காதால் சரிபார்க்க வேண்டும், பழைய பதிவுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். பாட்டின் முன்னும் பின்னும் உள்ள நீண்ட மௌனத்தையும், மேடைப் பதிவாக இருந்தால் கைதட்டலையும் வெட்டிவிடுங்கள்.

மோனோ, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது, இந்த விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1950களின் கடைசியிலும் 60களிலும் வந்த ஸ்டீரியோ பதிவுகளில் டிரம்மும் பேஸும் ஒரு பக்கம், ஊதுகருவிகள் மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள். ஹாலின் இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தால், வலது பக்கம் ஆடுகிறவருக்குத் தாளமே கேட்காது. அவர் தடுமாறுவார், ஏன் என்று அவருக்கே தெரியாது. மென்பொருளிலோ மிக்ஸரிலோ மோனோ என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

டைல்ஸும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள ஹாலில் எதிரொலி அதிகம். தாளம் கேட்கவில்லை என்று பேஸை ஏற்றாதீர்கள், வெறும் உறுமல்தான் வரும். நடு ஒலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், கிட்டார் மேலே வந்துவிடும். பழைய பதிவுகளில் மிக உச்சத்தில் சீறல் தவிர ஒன்றும் இல்லை, அதைக் கொஞ்சம் இறக்குங்கள். காலி ஹாலில் கேட்கும் ஒலி ஆள் நிறைந்ததும் அமுங்கும், ஆகவே கூட்டம் சேர்ந்ததும் மறுபடி ஹாலின் நடுவில் போய் நின்று கேளுங்கள்.

5. கருவி, கேபிள், பிளக்

கட்டாயம் வேண்டியது ஒரு லேப்டாப், மூடிய வகை ஹெட்போன், ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு. அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் கேட்டுப் பார்ப்பதற்குத்தான் அந்தச் சவுண்ட் கார்டு, ஒன்றில் ஹால், இன்னொன்றில் ஹெட்போன். எளிய வகை சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கும். சில ஆயிரம் கொடுத்து டிஜே கன்ட்ரோலர் வாங்க இப்போது அவசியமே இல்லை.

ஹாலில் என்ன மிக்ஸர் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப்பின் சின்ன ஜாக்கிலிருந்து ஆர்சிஏ, பெரிய ஜாக், எக்ஸ்எல்ஆர் மூன்றுக்கும் மாற்றுகிற கேபிள்களை ஒரு பையில் போட்டு எப்போதும் கூடவே வையுங்கள். சார்ஜரைச் செருகினதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்ட் பிரச்சினை. தற்காலிகமாகச் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், நிரந்தரமாக ஒரு டிஐ பாக்ஸ் (இந்த இரைச்சலைத் தடுக்க லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் செருகும் பெட்டி) வாங்கிவிடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், அது உயிரோடு விளையாடுவது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு: இங்கே பழைய ஹால்களில் பெரிய மூன்று உருண்டை முள் சாக்கெட்தான், இந்திய 16 ஆம்ப் பிளக் அதில் போகும், லேப்டாப்பின் சின்னப் பிளக் போகாது. புதிய கட்டடங்களில் வேறு சிறிய வகையும் வந்துவிட்டது. இரண்டுக்கும் அடாப்டரும் ஒரு மல்டிபிளக்கும் கொண்டு போங்கள்.

கரண்ட் பற்றி. லோட் ஷெடிங் 2023இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் பேட்டைக்குப் பேட்டை மின்தடை வருகிறது, எஸ்கொம்சேபுஷ் செயலியில் ஹாலின் பகுதியை முன்பே சேர்த்துவையுங்கள். லேப்டாப் ஓடும், ஸ்பீக்கர் ஓடாது. பேட்டரியில் இயங்கும் ஸ்பீக்கர் ஒன்றை யாரிடமாவது சொல்லிவைத்தால் சுற்றி நின்று ஆடலாம். கரண்ட் போனவுடன் ஸ்பீக்கர் சுவிட்சை அணையுங்கள், திரும்ப வரும்போது வரும் 'டப்' ஸ்பீக்கரைக் கெடுக்கும். போடும்போது ஸ்பீக்கர் கடைசியில், அணைக்கும்போது முதலில்.

6. ஹால், தேதி, லைசென்ஸ், விசா

சோஷியலை நடத்துபவர் வேறு ஒருவர் என்றால் இதில் பாதி அவர் பொறுப்பு. ஆனால் நம் ஊரில் எல்லாம் பாட்டுப் போடுகிறவர் தலையில்தான் வந்து விழுகிறது, ஆகவே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தேதியை முதலில் பாருங்கள். கோயில் ஹால் என்றால் தைப்பூசக் காவடி, ஆடி மாத மாரியம்மன் கஞ்சி, தீபாவளி எல்லாம் ஏற்கெனவே பிடித்துவைக்கப்பட்டிருக்கும். ஞாயிறுகள் கல்யாணத்துக்குப் போய்விடும். புரட்டாசி சனிக்கிழமைகளில் பல வீடுகளில் விரதமும் பூசையும், ஹால் கிடைத்தாலும் ஆள் வராது. இரண்டு மூன்று மாதம் முன்பே கேளுங்கள். அடையாள அட்டை நகல், முன்பணம், டெபாசிட் கேட்பார்கள். எழுத்தில் வாங்க வேண்டியவை: இசையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், சுத்தம் செய்வது யார், டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும். தரை வழுக்கவில்லை என்று யாராவது முகப்பவுடரைக் கொட்டினால் டெபாசிட் போய்விடும். எங்களுக்கு ஒரு ஹாலில் அதுதான் நடந்தது. வழுக்கும் அடிப்பாகம் கொண்ட ஷூ போட்டுவரச் சொல்வதே நல்லது.

இசை உரிமை. பொது இடத்தில் பாட்டு ஒலிக்கப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்புக்குச் சாம்ரோ என்ற அமைப்பிடமும், பதிவு செய்தவர், வாசித்தவர் தரப்புக்குச் சாம்ப்ரா என்ற அமைப்பிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டும். வழக்கமாக இசை ஒலிக்கும் இடங்களில் இந்த லைசென்ஸை இடத்தின் சொந்தக்காரரே வைத்திருக்கலாம், நகலைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடத்துபவர் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பாட்டைக் கணினியில் நகலெடுத்துத் தொழிலாகப் போடுகிறவர்கள் கபாசோ என்ற அமைப்பிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நகலெடுக்கும் உரிமை அவர்கள் பொறுப்பு. 'பதிவு பழையது, யாருக்கும் உரிமை இல்லை' என்று சொல்வார்கள். இங்கே ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டு, ஆனால் இசையமைத்தவருக்கு அவர் மறைந்து 50 ஆண்டுவரை. ஆகவே 1938 பதிவானாலும் அந்த இசைக்கு உரிமை மிச்சம் இருக்கலாம்.

வேலை விசாவில் இருப்பவர்கள் பணம் வாங்கிப் பாட்டுப் போடுமுன் நிற்கவும். உங்கள் விசா குறிப்பிட்ட வேலைக்கானது, பக்க வருமானம் அதில் அடங்காது. விசா ஆலோசகரிடம் கேட்டு உறுதி செய்யும்வரை ஒரு சதம்கூட வாங்காதீர்கள்.

7. அன்று இரவு

முதல் தடவை அரை மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். லேப்டாப்பில் இணையம், அறிவிப்பு ஒலி, தானாகத் தூங்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வகுப்பு எடுத்தவரிடம், "அக்கா, இன்றைக்கு எந்த வேகத்தில் பழக்கினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் 125 என்றால் முதல் நாலு பாட்டு அதைச் சுற்றியே இருக்கட்டும்.

அப்புறம் வேகத்தை அலைபோலக் கொண்டு போங்கள்: 130, 145, 160, 175, 190, பின் 150, 135. மிக வேகமான இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். வேகத்தோடு நிறத்தையும் மாற்றுங்கள். பெரிய குழுவுக்குப் பின் நாலு பேர் வாசிப்பது, வெறும் இசைக்குப் பின் பாடகி. நாலு நிமிடத்துக்கு மேல் நீள்வதை அரிதாகப் போடுங்கள், முன்பின் தெரியாதவரோடு ஆடுகிறவருக்கு அது பெரிய சோதனை.

முழுப் பட்டியலை வீட்டிலேயே வரிசையாகப் போட்டுக்கொண்டு போய் அப்படியே ஓட்டாதீர்கள். மூன்று பாட்டு முன்னால் யோசித்தால் போதும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக? புதிதாக வந்த பெண்கள் இருவர் சுவரோரம் செல்போனைப் பார்க்கிறார்கள் என்றால் நீங்கள் பழைய ஆட்களுக்காக மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரும் தண்ணீர் குடிக்க ஓடுகிறார்கள் என்றால் வேகத்தை இறக்குங்கள். இரண்டு பாட்டுக்குத் தரை காலியாக இருந்தால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் போடுங்கள், உங்கள் அரிய சேகரிப்பு அப்புறம் வரட்டும்.

ஷிம் ஷாம் (எல்லோரும் வரிசையாக நின்று ஒரே அடவுகளை ஆடுவது) ஒருமுறை வரும், அதற்கான பாட்டு கையில் இருக்க வேண்டும். ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழுவின் 1939 பதிவு ஒன்றுக்குத்தான் பெரும்பாலும் ஆடுவார்கள், எது என்று நடத்துபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாள்காரரை நடுவில் நிறுத்தி ஒவ்வொருவராகப் புகுந்து ஆடும் வழக்கமும் உண்டு. அதற்கு 160, 170இல் மூன்று நிமிடத்துக்குக் குறையாத பாட்டு ஒன்றைத் தனியாக எடுத்துவையுங்கள். கடைசிப் பாட்டுக்கு முன் இரண்டு பாட்டு இருக்கும்போதே அறிவித்துவிடுங்கள்.

8. பாட்டுக் கேட்டு வருகிறவர்கள்

கோயில் ஹால் என்றால் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, நம்ம பாட்டு ஒன்னு போடுப்பா" என்பார். அது நியாயமான ஆசை. சந்திரபாபு பாடியவற்றில் மேற்கத்திய ஆட்டத் தாளத்தில் வந்த பாட்டுகள் உண்டு, இரண்டை முன்பே தட்டிப் பார்த்து வைத்திருங்கள். ஆனால் சினிமாப் பாட்டில் இடையிசையில் தாளம் மாறும், ஜோடியாக ஆடுகிறவர்கள் நடுவில் நின்றுவிடுவார்கள். ஆகவே மாறாமல் போகிறதா என்று முழுதும் கேட்டுப் பாருங்கள், இடைவேளைக்குச் சற்று முன் போடுங்கள். மற்றவர்கள் கேட்டால், "பார்க்கிறேன் அண்ணா, பொருந்துகிற இடம் வந்தால் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். இடம் வந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.

9. முடிந்த பிறகு

போட்ட பாட்டுகளின் பட்டியலை அன்றிரவே சேமியுங்கள். பிளேயரின் ஹிஸ்டரியில் இருக்கும். எந்தப் பாட்டுக்குத் தரை நிறைந்தது, எதற்குக் காலியானது என்று பக்கத்தில் எழுதுங்கள், உரிம விஷயத்தில் யாராவது பட்டியல் கேட்டாலும் அதுவே உதவும். பணம் வாங்கும் தகுதி உள்ளவர்கள் இன்வாய்ஸை மறுநாளே அனுப்புங்கள். நிறுவன நிகழ்ச்சி என்றால் அடையாள அட்டை நகல், சார்ஸ் (வருவாய்த் துறை) வரி எண், வங்கி உறுதிக் கடிதம் மூன்றும் கேட்பார்கள். வாட் பதிவு இல்லாதவர் இன்வாய்ஸில் வாட் சேர்க்கக் கூடாது. மாதக் கடைசியில்தான் பணம் வரும், அதனால் 25ஆம் தேதிக்கு முன் அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.